மூத்தாரின் பெயர்

சோனுன் என்ற பெயருக்கு அற்புதம் என்று பொருள். கும்பெல் என்ற அந்த மலைக் கிராமத்தில் யாரும் பொருளை நினைத்து அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. வயதில் சிறியவர்களுக்கு அவள் நர்ஸ், பெரியவர்களுக்கு மருமகள், அவள் இல்லாத இடத்தில் எல்லோருக்கும் முள்ளு. அவளும் ஊரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னவள் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடே கிடையாது.

ஆனால் ஊரை அவளைப் போலக் கூர்ந்து பார்த்தவர்களும் யாரும் இல்லை. பிடிக்காதவர்களைப் பார்ப்பதில் ஒரு கவனம் வரும், பாருங்கள், அது பிரியமானவர்களிடம் வருவதில்லை. குளிர்காலத்தில் அவள் வீடு வீடாக நடக்கும்போது முதலில் பார்ப்பது மனிதர்களை அல்ல, வீட்டுக்கும் கொல்லைக் கழிப்பறைக்கும் நடுவே பனியில் விழுந்திருக்கும் தடத்தை. மற்ற வீடுகளில் அது ஒற்றையடிப் பாதை. அடுத்த தெரு அனார் வீட்டில் மட்டும் வண்டி போகிற அகலத்துக்கு மிதிபட்டுக் கிடந்தது. சோனுன் கதவைத் தட்டி, அனாரின் விரலில் ஊசி குத்தி, சர்க்கரை ஏறிக் கிடப்பதைக் கண்டுபிடித்தாள்.

அனார் நன்றி சொல்லவில்லை. "என் கக்கூசு வழியை அளக்கறதுக்கா உனக்கு சம்பளம்?" என்று கேட்டாள்.

ஆடு குட்டி போடும் காலம் முடிந்ததும் விட்டு விட்டுக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, இடுப்பு வலி என்று வரும் மேய்ப்பர்களை வாசலிலேயே நிறுத்தி, "எத்தனை செத்த குட்டியை வெறுங்கையால இழுத்துப் போட்டே?" என்பாள். செத்த குட்டியிலிருந்து தொற்றுகிற காய்ச்சல் அது. வெளுத்த உதட்டோடு வரும் பெண்களின் பையில் கையை விட்டு, அவர்கள் திருட்டுத்தனமாகக் கடித்துக்கொண்டிருக்கும் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து மேஜையில் வைப்பாள். ரத்தம் ஊற வேண்டுமானால் சாப்பாட்டோடு டீ குடிக்கக் கூடாது என்பாள். கும்பெலில் அதைச் சொல்வதும் மூச்சு விடாதே என்று சொல்வதும் ஒன்றுதான்.

இருந்தாலும் அவளுடைய பெரிய சண்டை ரத்த அழுத்தத்தோடுதான். ஊரைப் பொறுத்தவரை பிரஷர் ஒரு விருந்தாளி. தலை வலித்தால் வந்திருக்கிறது, வலி நின்றால் போய்விட்டது. வந்தால் தலையில் துணியை இறுக்கிக் கட்டி, பக்கத்து வீட்டில் ஒரு மாத்திரை கடன் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். "அது விருந்தாளி இல்ல, குடித்தனக்காரன். காலி பண்ண மாட்டான். தினமும் கண்டிக்கணும்" என்று சோனுன் இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். தலை வலிக்காதபோது தலையாட்டுவது சுலபம்.

இதில் இன்னொரு சிக்கல். வாழ வந்த பெண், புருஷன் பக்கத்துப் பெரியவர்களின் பெயரை வாயால் சொல்லக் கூடாது. எழுதலாம், மனதில் நினைக்கலாம், நாக்கில்தான் வரக் கூடாது. ஊரில் பாதிப் பேர் சோனுனின் புருஷன் வகையறா. ஆகவே நோயாளிகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட முடியாத நர்ஸாக அவள் வேலை பார்த்தாள். "சிவப்புக் குதிரைக்காரர் உள்ள வாங்க" என்பாள். "ரெண்டாம் கல்யாணம் பண்ணினவர், அடுத்தது நீங்க" என்பாள். அந்தப் பட்டப்பெயர்களுக்காக அவளைத் திட்டுவார்கள். மற்றவர்களுக்கு அவள் வைத்த பட்டப்பெயர்களை விருந்தில் சொல்லிச் சிரிப்பார்கள்.

புருஷனின் அண்ணனை, அதாவது மூத்தாரை, அவள் நெட்டையவர் என்றாள். அவருடைய உண்மையான பெயர் தெந்திமிஷ். கதை சொல்கிறவர்களுக்கு அந்தத் தடை இல்லை என்பதால் இங்கே சொல்லிவிடலாம். வகையறாவில் உயிரோடு இருக்கும் ஆண்களில் மூத்தவர் அவர். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் உரிமை உள்ளவர்கள் எல்லோரும் மேட்டு இடுகாட்டில் படுத்திருந்தார்கள்.

அவளுக்கும் அவருக்கும் நடுவே ஒரு பெட்டைக் குதிரை நின்றது. நின்றது என்றால், இப்போது இல்லை. தெந்திமிஷ் தன் வீட்டை இடித்துக் கட்டியபோது மூன்று குளிர்காலம் தம்பி வீட்டில் தங்கி, சோனுன் வைத்த டீயைக் குடித்து, அவள் சுட்ட ரொட்டியைத் தின்றார். பிறகு தம்பி இறந்தான். வருடம் திரும்பியபோது தெந்திமிஷ் ஊரே வாய் பிளக்கும்படி நினைவு விருந்து வைத்தார். அந்த விருந்துக்கு அறுத்தது தம்பி விட்டுப்போன பெட்டைக் குதிரையை. சோனுன் பால் கறந்துகொண்டிருந்த ஒரே குதிரை அது. தம்பிக்கு மரியாதை செய்தார் என்று ஊர் சொன்னது. அது பொய்யில்லை. தம்பி பெண்டாட்டியின் குதிரையால் தனக்குப் பேர் வாங்கினார் என்று சோனுன் சொன்னாள். அதுவும் பொய்யில்லை.

அந்தத் தெந்திமிஷ் இலையுதிர்காலத்தில் ஒரு நாள் மருத்துவ நிலையத்துக்கு வந்தார். தானாக வரவில்லை. அவர் மனைவி ஊல்கான் வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனாள். வெளியே பெஞ்சியில் அனாரும் இன்னும் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். கதவு மெல்லிய பலகை.

"உக்காருங்க மூத்தவரே. கையை மேஜை மேல வைங்க. பேசாதீங்க."

"என் தம்பி வீட்டுல நான் பேசாம இருந்ததே இல்ல."

"இது தம்பி வீடு இல்ல, ஆஸ்பத்திரி."

"தம்பி பொண்டாட்டி இருக்கற இடம் தம்பி வீடுதான்."

பட்டையைக் கட்டிக் காற்றடித்தாள். பார்த்தாள். சிறிது நேரம் விட்டு மறுபடி பார்த்தாள். அடுத்த கையிலும் பார்த்தாள். "மேல இருநூத்திப் பத்து. கீழ நூத்தி இருபது."

"அது நல்லதா?"

"உங்களுக்கா, குதிரைக்கா?"

குதிரை என்ற சொல் இருவருக்கும் நடுவே விழுந்து கிடந்தது. இருவரும் அதை எடுக்கவில்லை.

"கண்ணு மங்குதா? நெஞ்சு வலிக்குதா? கை கால் மரத்துப் போகுதா?"

"உன்னைப் பாத்தா மட்டும் கண்ணு மங்குது."

மாத்திரையை எடுத்து வைத்தாள். தினமும் ஒன்று, வலித்தாலும் வலிக்காவிட்டாலும், சாகிற வரைக்கும் என்றாள். இரண்டு நாளில் மறுபடி வந்து காட்ட வேண்டும் என்றாள். கண் மங்கினாலோ கை மரத்தாலோ அந்த நிமிடமே ஆள் அனுப்ப வேண்டும் என்றாள். கடைசியாக, டீயில் உப்பு போடக் கூடாது என்றாள்.

தெந்திமிஷ் அதுவரை பொறுமையாகத்தான் இருந்தார். "உப்பில்லாத டீயா? நான் என்ன பட்டணத்துக்காரனா? எங்க அப்பன் உப்பு போட்டுக் குடிச்சான், அவன் அப்பன் குடிச்சான்."

"குடிச்சாங்க. ரெண்டு பேரும் எத்தனை வயசுல விழுந்தாங்கன்னு எனக்கும் தெரியும்."

"என் பெரியவங்களைப் பேசறியா? நீ உப்பு போட்டுத்தான் சாப்பிடறியா?"

"நான் போட்டதைத்தான் நீங்க மூணு குளிர்காலம் சாப்பிட்டீங்க. அந்த உப்பு இப்ப உங்களை அடிக்குது. இன்னும் அடிக்கும்."

இதில்தான் எல்லாம் கெட்டது. உப்பு உடம்பில் தண்ணீரைத் தேக்கி ரத்தக் குழாயில் அழுத்தத்தை ஏற்றுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொன்னால் உப்பு அடிக்கிறது என்றுதான் வரும். ஆனால் ஒருவன் உப்பைத் தின்றுவிட்டு அவனுக்கே துரோகம் செய்தவனை நோக்கி, உப்பு உன்னை அடிக்கட்டும் என்பது அந்த ஊரில் இருக்கிற சாபங்களிலேயே கனமானது. சோனுனைக் கேட்டால், நான் பிரஷரைப் பற்றித்தான் சொன்னேன் என்பாள். அது உண்மை. அப்போது அவள் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்கள் வேறு மாதிரி சொல்வீர்கள். அதுவும் உண்மை.

தெந்திமிஷ் எழுந்து, மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மாத்திரையை அவர் எடுத்துக்கொண்டது விழுங்குவதற்காக அல்ல, சாட்சியாக ஊருக்கு எடுத்துக் காட்டுவதற்காக என்று பிறகு தெரிந்தது. மேய்ச்சலுக்குப் போன ஆடுகள் வீடு திரும்புவதற்குள் சோனுன் மூத்தாரைச் சபித்த செய்தி கடைசி வீடு வரை போய்ச் சேர்ந்திருந்தது. அனாருக்குச் சர்க்கரை இருந்தாலும் கால் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் ஊல்கான் வந்தாள். சோனுனின் ஓரகத்தி. அகன்ற முகம், அதைவிட அகன்ற குரல்.

"அடியே, என்னடி சொல்லி வச்சிருக்கே அவரை?"

"உப்பைக் கொறைக்கச் சொன்னேன் அக்கா."

"நேத்து ஊர்க்காரங்க முன்னாடி உக்காந்து கிண்ணத்துக்கு ரெண்டு ஸ்பூன் உப்பு போட்டுக் குடிக்கறாரு. அடிக்கட்டும் பாக்கலாம்ங்கறாரு. இந்தா கேட்டுக்கோ. அவரு விழுந்தாருன்னா நீ தள்ளிவிட்டதாத்தான் அர்த்தம். இந்த ஊருல ஒரு வாசல்லயும் நீ நிக்க முடியாது. இந்த ஆஸ்பத்திரிச் சாவியை நானே பிடுங்கி ஆத்துல போடுவேன். புரியுதா?"

சோனுனுக்கு நன்றாகவே புரிந்தது. உலகத்தில் தனக்கு அறவே ஆகாத ஒரு மனிதரைச் சாகாமல் பார்த்துக்கொள்வதுதான் இனி அவள் பிழைப்பு. அந்த மனிதரோ அவளைத் தோற்கடிப்பதற்காகவே சாகவும் தயாராக இருந்தார். அவர் விழுந்தால் சாபம் பலித்தது, அவள் போக வேண்டியதுதான். விழாமல் இருந்தால் சாபம் தோற்றது, அவர் ஜெயித்தார். அவர் ஜெயிப்பதற்காக அவள் உழைத்தாக வேண்டும்.

"மாத்திரை போட்டாரா?"

"நாய்க்குப் போட்டாரு."

"நாய் எப்படி இருக்கு?"

"நல்லாத் தூங்குது." ஊல்கான் குரலைத் தாழ்த்தினாள். "பொடி பண்ணி டீயில கலந்துடவா? உப்புக் கரிப்புல தெரியாது."

"வேண்டாம் அக்கா. ஆம்பளைக்குத் தெரியாம டீயில ஒன்னைக் கலக்கறதுக்கு ஊருல வேற பேரு இருக்கு. இன்னிக்குச் சாபம் போட்டவ, நாளைக்கு விஷம் வச்சவளா? தெரிஞ்சே போடட்டும். திட்டிக்கிட்டே போடட்டும்."

மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு தெந்திமிஷ் வீட்டு வாசலில் போய் நின்றாள். எதிரியானாலும் வாசலுக்கு வந்தவளை உள்ளே விடாமல் இருக்க முடியாது. உள்ளே வந்தவளை ரொட்டி தொடாமல் அனுப்பவும் முடியாது. அவசரமாகப் போகிறவர்கூட ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்துவிட்டுத்தான் படி தாண்ட வேண்டும். தெந்திமிஷ் விரிப்பின் மேல் இருந்த ரொட்டியை அவள் பக்கம் தள்ளினார். அவர் கண்ணில் அன்றுதான் ஒரு பளபளப்பு.

"வாயில வை. என் உப்பு உள்ள போகட்டும். அதுக்கப்புறம் என்னைச் சபிச்சா உன்னைத்தான் அடிக்கும்."

சோனுன் பெரிய துண்டாகவே பிய்த்தாள். மென்றாள். விழுங்கினாள். பிறகு பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து அதே விரிப்பின் மேல், ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நான் உங்க ரொட்டியைத் தொட்டுட்டேன். நீங்க என் மாத்திரையைத் தொடுங்க. மூணு குளிர்காலம் என் கையால வாங்கித் தின்னவருக்கு இது ஒன்னு கசக்குமா?"

"தொடலன்னா?"

"நாளைக்கு வருவேன். நாளான்னைக்கும் வருவேன். உங்க ரொட்டி தீர்ற வரைக்கும் வருவேன். வீட்டுக்கு வந்தவ வச்சதைத் தொடாதவர்னு வாசல்ல நின்னு சொல்லுவேன். அனாரக்கா கேட்டாப் போதும்."

ஊல்கான் டீயை ஊற்றிக்கொண்டே நின்றாள், கிண்ணம் நிரம்பி வழிந்தது. தெந்திமிஷ் மாத்திரையை இரண்டு விரலால் எடுத்து, பூச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்து, வாயில் போட்டு விழுங்கினார். உடம்புக்காக இல்லை. விருந்தோம்பலில் ஒரு பெண்ணிடம் தோற்கக் கூடாது என்பதற்காக. ரத்தக் குழாய்க்கு அந்தக் காரணம் தெரியாது, ஆகவே வேலை செய்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க இந்தச் சடங்கு நடந்தது. அவள் வருவாள், ரொட்டியைத் தொடுவாள். அவர் மாத்திரையை விழுங்கி, சந்தேகம் வராமலிருக்க நாக்கை நீட்டிக் காட்டுவார். நாக்கை நீட்டுவது மருத்துவத்துக்கா அவமதிப்புக்கா என்பதை இருவரும் தெளிவுபடுத்திக்கொள்ளவில்லை. "இன்னும் உசுரோடதான் இருக்கீங்களா?" என்று அவள் கேட்பாள். "உன் கண்ணு பட்டும் இருக்கேன்" என்பார் அவர். மாவட்ட மருத்துவர் போனில் சொன்னபடி இரண்டாவது மாத்திரை ஒன்றும் சேர்ந்தது. டீயில் உப்பு இரண்டு ஸ்பூனிலிருந்து ஒரு ஸ்பூனுக்கு இறங்கியது, அதற்குக் கீழே இறங்க மறுத்தது. இருநூற்றிப் பத்து நூற்றெழுபது ஆகி, பனி உருகும்போது நூற்றைம்பதாக நின்றது. சாபம் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் தினமும் போகிறாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஆடு குட்டி போடும் காலம் வந்தது. தெந்திமிஷ் மலைக் கிடைக்குப் போனார். மாத்திரை அட்டைகளைத் துணியில் கட்டி ஊல்கானிடம் கொடுத்தாள் சோனுன். அவளே ஏறிப் போய்ப் பார்த்திருக்கலாம், குதிரையில் அரை நாள் வழி. போகவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அவள் காலையில் தன் வீட்டில், தன் டீயை, சூடு ஆறுவதற்கு முன் குடித்தாள். அந்த ருசியில் மலையை மறந்துவிட்டாள். மேலே தெந்திமிஷுக்குத் தலை லேசாக இருந்தது. லேசாக இருந்ததால் குணமாகிவிட்டது என்று முடிவு செய்தார். மாத்திரையைப் பல்வலி என்று வந்த ஒரு மேய்ப்பனுக்குக் கொடுத்தார். பல்வலி போகவில்லை. நர்ஸின் மருந்து எதற்கும் உதவாது என்பதற்கு அவருக்கு அது போதுமான ஆதாரமாக இருந்தது.

அவர் கீழே இறங்கி வந்தது பேரனைத் தொட்டிலில் போடும் விருந்துக்கு. நடுப்பகல். வீடு நிறைய ஆட்கள். தெந்திமிஷ் வாசலுக்கு எதிர்ப்புறம், மரியாதை இடத்தில் உட்கார்ந்திருந்தார். சோனுன் வாழ வந்தவர்களின் இடத்தில், அதாவது கொல்லையில், குடல் அலசிக்கொண்டிருந்தாள். உப்பில் ஊறிய குதிரை இறைச்சி முதலில் போயிற்று. பிறகு மூத்தவர் முன்னால் வேக வைத்த ஆட்டுத் தலையைக் கொண்டுபோய் வைத்தார்கள். காதை அறுத்துச் சிறியவர்களுக்குக் கொடுக்க வேண்டியது அவர் வேலை. கத்தியை எடுத்தார். கத்தி கையிலிருந்து நழுவித் தட்டில் விழுந்தது. எடுக்கப் போன கை ரொட்டி மேல் விழுந்து அங்கேயே கிடந்தது. ஏதோ சொல்ல வாய் திறந்தார். வாய் ஒரு பக்கமாக வழிந்தது.

"உப்பு அடிச்சிருச்சு!" என்று அனார் கத்தினாள்.

கொல்லையிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்த சோனுனை வீடு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஊல்கான் தன் தலைத்துணியை அவிழ்த்துப் புருஷன் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒருவர் கிண்ணத்தில் டீ கொண்டுவந்தார். இன்னொருவர் மாத்திரை எங்கே, மாத்திரை எங்கே என்று கத்தினார்.

"யாரும் வாயில எதையும் ஊத்தாதீங்க! டீ வேண்டாம். மாத்திரையும் வேண்டாம்."

"மாத்திரை வேண்டாமா?" ஊல்கானின் குரல் கூரையைத் தொட்டது. "குளிர்காலம் பூரா வாயில திணிச்சியே! இன்னிக்கு அவரு விழுந்து கெடக்கறப்போ வேண்டாங்கறியா? பாருங்க, எல்லாரும் பாருங்க! இவ மனசுல என்ன இருந்துச்சுன்னு பாருங்க!"

"முழுங்கத் தெரியாத வாயில ஊத்தினா மூச்சுல போயிடும். கையை எடுங்க அக்கா."

"நீ கையை எடு!"

சோனுன் எடுக்கவில்லை. தலைத்துணியை அவிழ்த்தாள், கழுத்துப் பட்டனைக் கழற்றினாள், தலைக்குக் கீழே திண்டு வைத்து அவரை ஒருக்களித்துச் சாய்த்தாள். போனில் மாவட்ட மருத்துவரைப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி தரையில் வைத்தாள்.

"எப்ப ஆரம்பிச்சுது?" என்றது மருத்துவரின் குரல்.

"ஆட்டுத் தலை வச்சப்போ."

"நர்ஸம்மா, ஆட்டுத் தலையில கடியாரம் இருக்கா?"

"இப்பத்தான் டாக்டர், கால் மணி கூட இல்ல."

"வண்டியை அனுப்பறேன். நீங்க அங்கேருந்து ஒரு காருல கெளம்பி கணவாய்ல எதிர்ல வந்துடுங்க. நேரம் போகக் கூடாது. நினைவு இருக்கா பாருங்க. கூப்பிட்டுப் பாருங்க."

கூப்பிட்டார்கள். பெரியப்பா என்றார்கள், தாத்தா என்றார்கள், மாமா என்றார்கள், மூத்தவரே என்றார்கள். ஊல்கான், "ஏங்க, புள்ளைங்க அப்பா" என்று அழுதாள். அந்த வீட்டில் பெரியப்பாக்களும் தாத்தாக்களும் பத்துப் பேர் இருந்தார்கள். தெந்திமிஷ் அரைக் கண்ணால் சுவரைப் பார்த்துக் கிடந்தார்.

"திரும்பல டாக்டர்."

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கம்மா. பேரை! பேருக்குத்தான் மூளை முழிக்கும்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எல்லோரும் அவருக்குச் சிறியவர்கள், அல்லது வாழ வந்தவர்கள். சாகக் கிடக்கிறவரை அவமதித்தவன் என்று பேர் எடுக்க யாருக்கும் மனமில்லை. கெட்ட பேருக்குப் புதிதாகப் பயப்பட வேண்டாதவள் அங்கே ஒருத்திதான் இருந்தாள்.

சோனுன் அவர் காதருகே குனிந்தாள். இருபத்தாறு வருடமாக அவள் நாக்கு சுற்றிப் போன சொல் அது.

"தெந்திமிஷ்!"

யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். ஒரு கிண்ணம் உருண்டது.

"தெந்திமிஷ்! ஏய் தெந்திமிஷ்! என்னைப் பாரு!"

அவர் கண் சுவரிலிருந்து திரும்பியது. மெதுவாக, கனமாக, அவள் முகத்தில் வந்து நின்றது. அதில் இருந்தது வலியல்ல, பயமுமல்ல. ஊர் அறிந்த, பழுது இல்லாத கோபம்.

"சிரி! பல்லைக் காட்டு!"

அவர் அவளைப் பார்த்து ஒரு நாளும் சிரித்ததில்லை. இப்போது பாதி வாய் மேலே போனது, பாதி அப்படியே கிடந்தது. அவளுக்குக் கிடைத்ததில் அதுவே அதிகம்.

"ரெண்டு கையையும் தூக்கு, தெந்திமிஷ்!"

இடது கை மேலே வந்தது. அறைவதற்குத்தான் வந்தது என்று பார்த்தவர்கள் எல்லோரும் பிறகு சொன்னார்கள். வலது கை போட்ட இடத்திலேயே கிடந்தது.

"நினைவு இருக்கு டாக்டர்," என்றாள் சோனுன். "கோவமும் இருக்கு. வலது பக்கம் விழுந்திருக்கு. முகமும் கையும்."

காரின் பின்னிருக்கையில் அவர் தலை அவள் மடியில். கணவாய் வரும் வரை அவர் கண் அயர்ந்த போதெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். முதல் தடவை தேவைக்காகச் சொன்னாள். பதினைந்தாவது தடவையும் தேவைக்காகத்தானா என்பதை முன்னிருக்கையில் இருந்த ஊல்கானால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

தெந்திமிஷ் பிழைத்தார். மே மாதக் கடைசியில் கோலூன்றி, வலது காலை இழுத்துக்கொண்டு வீடு வந்தார். நேரத்தோடு கொண்டுவந்ததால் இந்த அளவோடு போயிற்று என்று மாவட்ட ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கும்பெலில் அதை யாரும் திருப்பிச் சொல்லவில்லை. சாபம் போட்டவள் என்ற பேச்சு நின்றது, ஏனென்றால் அதைவிடப் பெரிய குற்றம் கிடைத்துவிட்டது. விருந்து வீட்டில், எல்லோர் முன்னாலும், மூத்தாரைப் பெயர் சொல்லி, அதுவும் ஏய் என்று. இதற்கிடையே மருத்துவ நிலையத்து பெஞ்சியில் இடம் இல்லாமல் போனது. கத்தி நழுவியதைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள்.

"எனக்கும் பிரஷர் பாரு," என்று அனார் கையை நீட்டினாள். "ஆனா என் பேரைக் கத்தித் தொலைச்சிடாதே."

ஊல்கான் மட்டும் ஒரு நாள் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சாவி உங்கிட்டயே இருக்கட்டும்," என்றாள். "ஆத்துல இப்ப தண்ணி ஜாஸ்தியா ஓடுது."

தெந்திமிஷ் வந்த மறுநாள் காலை சோனுன் பையை எடுத்துக்கொண்டு போனாள். அவர் ஜன்னலோரம் திண்டில் சாய்ந்திருந்தார். விரிப்பு விரித்திருந்தது. நாக்கு கொஞ்சம் தடித்திருந்தாலும் சொல்ல வந்தது புரிந்தது.

"பேரைச் சொன்னே."

"சொன்னேன்."

"ஏய்னே."

"திரும்பிப் பாத்தீங்களே."

"உன்னை அறையத்தான் பாத்தேன்."

"அதனாலதான் கைல எது வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுது. இடது கையை நீட்டுங்க."

பட்டையைக் கட்டினாள். காற்றடித்து இறக்கினாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, யாரோ மூன்றாம் மனுஷனைப் பற்றி விசாரிப்பதுபோல், "எவ்வளவு?" என்றார். முதல் தடவையாகக் கேட்கிறார்.

"நூத்தி நாப்பது."

"அது நல்லதா?"

"உங்களுக்கு நல்லது."

குதிரையைப் பற்றி இருவரும் பேசவில்லை. ஊல்கான் டீ ஊற்றினாள். தெந்திமிஷ் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். "கழுதை மூத்திரம்." விரிப்பின் ஓரத்தில் இருந்த உப்புக் கிண்ணத்தின் பக்கம் இடது கை மெல்ல நகர்ந்தது. "நாப்பதுன்னா ஒரு சிட்டிகை போடலாம்."

"போடுங்க," என்றாள் சோனுன், கருவியை மடித்துக்கொண்டே. "போட்டா நாளைக்குத் தெரு முனையில இருந்தே பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டு வருவேன். சத்தமா."

கை நின்றது. கொஞ்ச நேரம் கிண்ணத்தின் மேலேயே நின்றது. பிறகு உப்பைத் தாண்டிப் போய், பக்கத்திலிருந்த மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. அவர் விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்டினார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாகவே.

"ரொட்டியைத் தொட்டுட்டுத் தொலை," என்றார்.

சோனுன் பெரிய துண்டாகப் பிய்த்துக்கொண்டு எழுந்தாள்.